சென்சார் ஒன்று சொல்ல, விரல் வேறு சொன்னால்: சர்க்கரை சென்சார் புதிதாக ஒட்டியவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மாம்பழப் பருவத்தில் ஒரு சாயங்காலம். அம்மா திண்ணையில் உட்கார்ந்து பேரப்பிள்ளைகளுக்குப் பெங்களூரா பழம் அரிந்து கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் கையில் ஒட்டியிருந்த சென்சார்மேல் போனை வைத்துப் பார்த்தேன். 148 காட்டியது. ராத்திரி இன்சுலின் ஊசிக்கு முன்னால் விரலிலும் ஒரு தடவை பார்த்துவிடுவது எங்கள் வீட்டு வழக்கம். விரலில் 307.

"ரத்தத்துல பாக்கறதுதான்ப்பா சரி. ரெண்டு யூனிட்டு கூடப் போட்டுரு" என்றார் அம்மா.

ஊசியைக் கையில் எடுத்துவிட்டேன். அப்புறம்தான் அவர் விரலைப் பார்த்தேன். நகக்கண்ணில் மஞ்சளாக மாம்பழச் சாறு காய்ந்திருந்தது. சோப்பு போட்டுக் கழுவி, துண்டில் துடைத்து, மறுபடி குத்திப் பார்த்தால் 156. சென்சார் சரியாகத்தான் சொல்லியிருந்தது. அந்த 307 அவர் ரத்தத்தில் இருந்த சர்க்கரை இல்லை, விரலில் இருந்த பழச்சர்க்கரை. இரண்டு யூனிட் கூடப் போட்டிருந்தால் நடுராத்திரியில் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

கல்லாவி, ஊத்தங்கரை வட்டத்தில் இருக்கும் சின்ன ஊர். இங்கிருந்து ஓசூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போன பிள்ளைகள் மாதச் சம்பளத்தில் அப்பா அம்மாவுக்கு வாங்கித் தரும் பொருள்களில் இந்தச் சென்சாரும் இப்போது சேர்ந்துவிட்டது. ஒன்று ஏறக்குறைய ஐயாயிரம் ரூபாய், பதினான்கு நாள் வரும். வாங்கித் தருகிறவருக்கு ஒட்டத் தெரிகிறது. எண் தப்பாக வந்தால் என்ன செய்வது என்பதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை. 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர்.-இன்டியாப் (INDIAB) ஆய்வின்படி நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம். இதில் இன்சுலின் போடுகிறவர்களுக்கு ஒரு தவறான எண் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். அதனால்தான் இதைப் படிப்படியாக எழுதுகிறேன். மருந்தின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் மருத்துவர் வேலை. எந்த எண்ணை நம்புவது என்று பார்ப்பது மட்டும் நம் வேலை.

சென்சார் எதை அளக்கிறது?

பலரும் நினைப்பதுபோல இது ரத்தத்தை அளப்பதில்லை. பொத்தான் மாதிரி தெரியும் அந்த வில்லையின் அடியில் மயிரிழை போன்ற ஒரு இழை இருக்கிறது. அபாட் நிறுவனத்தின் லிப்ரே வகையில் அது தோலுக்குள் 5 மில்லிமீட்டர் ஆழம்தான் போகிறது. அங்கே செல்களுக்கு நடுவில் ஊறி நிற்கும் திசுநீரில் உள்ள குளுக்கோஸை அது அளக்கிறது. சாப்பிட்ட சர்க்கரை முதலில் ரத்தத்துக்கு வருகிறது, பிறகுதான் திசுநீருக்குக் கசிகிறது. ஏரியில் மதகைத் திறந்தால் கடைமடை வயலுக்குத் தண்ணீர் வந்துசேரக் கொஞ்ச நேரம் ஆகும் அல்லவா, அந்த மாதிரி. இந்தத் தாமதம் பொதுவாக 5 முதல் 15 நிமிடம்.

சர்க்கரை ஒரே மட்டத்தில் நிற்கும்போது இந்தத் தாமதம் தெரியாது. களியும் குழம்பும் சாப்பிட்டு முக்கால் மணி நேரத்தில் பார்த்தால் தெரியும். ரத்தத்தில் நிமிடத்துக்கு 2 வீதம் ஏறிக்கொண்டிருந்தால், பத்து நிமிடத் தாமதத்தில் 20 புள்ளி வித்தியாசம் வந்துவிடும். விரல் 200 என்னும், சென்சார் 180 என்னும். இரண்டுமே சரி.

எவ்வளவு வித்தியாசம் இருந்தால் கவலைப்பட வேண்டும்?

எந்தச் சென்சாரும் ஆய்வகத்து எண்ணை அப்படியே காட்டாது. சராசரியாக எத்தனை சதவீதம் விலகுகிறது என்று ஆய்வு செய்து ஒவ்வொரு சென்சாருக்கும் சொல்வார்கள். முதலில் வந்த லிப்ரேவுக்கு அது 11.4 சதவீதம், பின்னால் வந்த லிப்ரே 2-க்கு 9 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். இது சராசரி என்பதால் சில நேரம் விலகல் இதைவிடக் கூடவும் இருக்கும். குறைந்த எண்களில் சென்சாரை நம்புவது இன்னும் கடினம்.

விரல் மிஷினும் அப்படித்தான். 2013-ம் ஆண்டு ஐ.எஸ்.ஓ. தரவிதி குளுக்கோமீட்டருக்கே 15 சதவீதம் வரை விலகலை அனுமதிக்கிறது. சர்க்கரை 100-க்குக் கீழே இருந்தால் 15 புள்ளி வரை. ஆகவே சென்சார் 160, விரல் 175 என்று வந்தால் இரண்டையும் ஒரே எண்ணாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் பயன்படுத்த ஒரு எளிய கணக்கு: விரலில் 70-க்கு மேல் இருந்தால் சென்சார் எண் அதிலிருந்து 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 70-ம் அதற்குக் கீழேயும் என்றால் 20 புள்ளிக்குள். விரல் 200 என்றால் சென்சார் 160 முதல் 240 வரை எங்கே இருந்தாலும் பரவாயில்லை. இதைத் தாண்டினால் கீழே சொல்லும் படிகளைத் தொடங்குங்கள்.

இன்னொன்று. மலேசியாவிலிருந்து சொந்தக்காரர்கள் கொண்டுவந்து கொடுத்த கருவி என்றால், எண் 5.5, 8.2 என்று புள்ளி வைத்து வரலாம். அது வேறு அலகு. அதை 18-ஆல் பெருக்கினால் நமக்குப் பழகிய எண் வரும். 5.5 என்றால் 99. இது தெரியாமல் "சுகர் 8-க்கு இறங்கிடுச்சு" என்று பதறி ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்த வீட்டை எனக்குத் தெரியும்.

படி 1: முதலில் ஆளைப் பாருங்கள்

எண்ணைப் பார்த்ததும் போனையே வெறித்துக்கொண்டிருக்காதீர்கள். ஆளைப் பாருங்கள். வியர்க்கிறதா, கை நடுங்குகிறதா, படபடப்பு, திடீர்ப் பசி, பேச்சுக் குழறல், காரணமில்லாத கோபம் இருக்கிறதா? இருந்தால், சென்சார் 130 காட்டினாலும் அது லோ சுகர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ரிப் கையில் இருந்தால் உடனே விரலில் பாருங்கள். இல்லையென்றால் தேடிக்கொண்டு நிற்காமல் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. சென்சார் 54 காட்டுகிறது, ஆனால் அம்மா சுவாரசியமாகப் பக்கத்து வீட்டு அக்காவிடம் பேசிக்கொண்டிருக்கிறார் என்றால் உடனே இனிப்பைத் திணிக்க வேண்டாம். இரண்டு நிமிடம் செலவழித்து விரலில் பாருங்கள். ஒரு எச்சரிக்கை: பல வருடமாகச் சர்க்கரை உள்ளவர்களுக்கும், அடிக்கடி லோ ஆகிறவர்களுக்கும் அறிகுறியே தெரியாமல் போய்விடுவது உண்டு. அவர்கள் விஷயத்தில் "நல்லாத்தானே இருக்காங்க" என்று விட்டுவிடக் கூடாது. விரலில் பார்த்தே ஆக வேண்டும்.

மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள்.

படி 2: கையைக் கழுவி விரலில் பாருங்கள்

எங்கள் வீட்டில் தப்பு நடந்த இடம் இதுதான் என்பதால் இங்கே கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

ஸ்ட்ரிப்புக்கு வேண்டியது கடுகளவு ரத்தம்கூட இல்லை. அவ்வளவு சின்னத் துளியில் கண்ணுக்குத் தெரியாத அளவு பழச்சாறு கலந்தாலும் எண் எகிறிவிடும். ஜப்பானில் 2011-ல் இதைச் சோதித்தே பார்த்தார்கள். சர்க்கரை நோய் இல்லாதவர்களைப் பழத்தோல் உரிக்கச் சொல்லி, கை கழுவாமல் விரலில் பார்த்தபோது சர்க்கரை நோயாளிகளின் எண் வந்தது. ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தும் போகவில்லை. தண்ணீரில் கழுவிய பிறகுதான் சரியான எண் வந்தது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மே, ஜூன், ஜூலையில் மாம்பழம் படாத கை எது? தோப்பில் காய் பறிப்பவர்கள், மண்டியில் தரம் பிரிப்பவர்கள், மாங்கூழ் ஆலையில் வேலை செய்பவர்கள் எல்லாரும் இதை மனத்தில் வைக்க வேண்டும். வெல்லம் இடித்த கை, டீயில் சர்க்கரை கலக்கிய கை, பஞ்சாமிர்தம் வாங்கிய கை எல்லாவற்றுக்கும் இதேதான்.

கழுவிய பின் நன்றாகத் துடைத்துக் காய விடுங்கள். ஈர விரலில் ரத்தம் நீர்த்து எண் குறைவாக வரும். விரல் நுனியின் நடுவில் குத்தாமல் ஓரத்தில் குத்துங்கள், வலி குறைவு. விரலைப் போட்டுப் பிழியாதீர்கள். வயல்வெளியில் தண்ணீரே இல்லை என்றால் முதல் துளியைத் துடைத்துவிட்டு இரண்டாவது துளியை எடுங்கள்.

ஸ்ட்ரிப் குப்பியையும் ஒரு பார்வை பாருங்கள். காலாவதித் தேதி தாண்டியிருந்தாலோ, மூடி சரியாக மூடாமல் கிடந்திருந்தாலோ, அடுப்பு மேடையிலோ ஜன்னலோரத்திலோ வெயில் பட்டிருந்தாலோ அந்த எண்ணை வைத்துச் சென்சாரைக் குறை சொல்ல முடியாது. ரத்தசோகை உள்ளவர்களுக்கு இன்னொரு சிக்கல். ரத்தத்தில் சிவப்பணு குறைந்திருந்தால் பல ஸ்ட்ரிப்கள் இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டும். மூன்று மாதச் சராசரி என்று ஆய்வகத்தில் எடுக்கும் எச்.பி.ஏ.1.சி.யும் இரும்புச் சத்துக் குறைவில் கூடுதலாக வரலாம். நம் பக்கத்துப் பெண்களில் ரத்தசோகை எத்தனை பேருக்கு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சென்சாரும் விரலும் தொடர்ந்து ஒத்துப்போகவே இல்லை என்றால் ஹீமோகுளோபினையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

வீட்டில் மிஷினே இல்லாதவர்களுக்கு ஒரு வழி. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியதே நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். அந்தத் திட்டத்தில் வீடு தேடி வரும் அக்காக்கள் குளுக்கோமீட்டரோடுதான் வருகிறார்கள். அவர்கள் விரலில் பார்க்கும் அதே நிமிடம் சென்சார் எண்ணையும் பார்த்து இரண்டையும் காலண்டரில் எழுதி வையுங்கள். ஆனால் அவர்கள் வருகிற நாளுக்குக் காத்திருந்து அவசரத்தைச் சமாளிக்க முடியாது. இன்சுலின் போடும் வீட்டில் சொந்த மிஷின் இருந்தாக வேண்டும்.

படி 3: அம்புக்குறியைப் படியுங்கள்

எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு அம்பு வரும். புதிதாக ஒட்டியவர்கள் அதைக் கவனிப்பதே இல்லை. எனக்கு எண்ணைவிட அதுதான் முக்கியமாகப் படுகிறது. லிப்ரேவில் அம்பு படுக்கையாக இருந்தால் சர்க்கரை ஒரே மட்டத்தில் நிற்கிறது. சாய்ந்திருந்தால் நிமிடத்துக்கு 1 முதல் 2 வரை ஏறுகிறது அல்லது இறங்குகிறது. செங்குத்தாக நின்றால் 2-க்கும் மேல்.

சென்சாரையும் விரலையும் ஒப்பிடுவதாக இருந்தால் அம்பு படுக்கையாக இருக்கும் நேரத்தில் மட்டும் ஒப்பிடுங்கள். விடிகாலை வெறும் வயிறு அதற்கு நல்ல நேரம். சாப்பிட்ட ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள்ளும், வேகமாக நடந்துவிட்டு வந்தவுடனும், ஊசி வேலை செய்துகொண்டிருக்கும்போதும் ஒப்பிட்டால் எந்தச் சென்சாரும் தோற்றுத்தான் போகும்.

லோ சுகருக்குச் சர்க்கரை கொடுத்த பிறகுதான் இந்தத் தாமதம் பெரிய ஆபத்தாகிறது. 60 காட்டியது, சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தோம். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் 55. பயந்துபோய் இன்னொரு டம்ளர் கொடுக்கிறோம், பிறகு பிஸ்கட், பிறகு வாழைப்பழம். ஒரு மணி நேரத்தில் 290-ல் போய் நிற்கிறது. ரத்தம் எப்போதோ 90-க்கு ஏறியிருக்கும், திசுநீருக்குத்தான் அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேர்ந்திருக்காது. அதனால் 15 கிராம் சர்க்கரை கொடுத்துவிட்டு 15 நிமிடம் பொறுத்து, விரலில் பாருங்கள். அந்தக் கால் மணி நேரம் சென்சாரைப் பார்க்கவே வேண்டாம்.

படி 4: தப்பு எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள்

கை கழுவியாயிற்று, அம்பு படுக்கையாக இருக்கிறது, இருந்தும் எண் ஒட்டவில்லை. இனி சென்சார் பக்கம் காரணம் தேட வேண்டும்.

முதல் நாள். ஒட்டியதும் இழை தோலைச் சின்னதாகக் காயப்படுத்துகிறது. அந்த இடம் ஆறி நிலைக்கு வர ஒரு நாள் ஆகும். லிப்ரே ஒரு மணி நேரத்தில் எண் காட்டத் தொடங்கிவிடும் என்றாலும் முதல் 24 மணி நேரத்து எண்ணை வைத்து முடிவு எடுக்காதீர்கள். ஒட்டிய நாளில் ஸ்ட்ரிப் கொஞ்சம் கூடத்தான் செலவாகும். அதைப் பார்த்தால் ஆகாது.

அழுத்தம். சென்சார் ஒட்டிய கைப்பக்கமாகவே படுத்துத் தூங்கினால் அந்த இடத்தில் திசுநீர் பிதுங்கிவிடும், சென்சார் 50, 45 என்று காட்டும். போனில் வரைபடத்தைப் பாருங்கள். உண்மையான லோ சரிவாக மெல்ல இறங்கும். அழுத்தத்தால் வந்தது கிணற்றுச் சுவர் மாதிரி செங்குத்தாக இறங்கி, புரண்டு படுத்ததும் செங்குத்தாக ஏறிவிடும். அலாரம் உள்ள வகை என்றால் ராத்திரி இரண்டு மணிக்குக் கத்தி வீட்டையே எழுப்பும். எழுந்து உட்கார வைத்து, விரலில் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். "படுத்திருந்ததாலதான்" என்று பார்க்காமலே அலாரத்தை அணைப்பது தவறு. பத்து தடவை அழுத்தமாக இருந்தாலும் பதினோராவது தடவை நிஜ லோவாக இருக்கலாம்.

பெண்களுக்கு இதில் நான் எங்குமே படிக்காத ஒரு விஷயம். ரவிக்கைக் கையின் இறுக்கம். மேல்கையின் பின்புறம் ஒட்டச் சொல்கிறார்கள், நம்மூர் ரவிக்கையின் விளிம்பு சரியாக அங்கேதான் இறுக்கும். அம்மாவுக்குப் பகலில் காரணமில்லாமல் குறைவாகக் காட்டியது, நைட்டி போட்ட நேரத்தில் சரியாகிவிட்டது. தையல்காரரிடம் கொடுத்து இடது கையை அரை அங்குலம் பிரித்துத் தைத்தோம், அந்தத் தொல்லை நின்றது. தோளில் மூட்டை தூக்குகிறவர்களும், பையை ஒரே தோளில் மாட்டுகிறவர்களும் சென்சாரை மறு கையில் ஒட்டிக்கொள்வது நல்லது.

வெயில். முதல் வகை லிப்ரேவை 4 முதல் 25 டிகிரிக்குள் வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். மற்ற வகைகளுக்குக் கொஞ்சம் மாறும், பெட்டியில் அச்சிட்டிருப்பார்கள். ஓசூர் குளிர்ந்த ஊர். கல்லாவியோ, கத்திரி வெயிலில் ஓட்டு வீடே அடுப்பாகிவிடும் இடம். ஒரு சித்திரை மாதம் ஓசூரில் ஒரு கடையில் சென்சார் வாங்கி வண்டி சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு மத்தியானம் முழுக்க ஓட்டி வந்தேன். அந்தச் சென்சார் முதல் நாளிலிருந்தே ஐம்பது புள்ளி குறைத்துக் காட்டி, ஆறாம் நாள் நின்றுபோனது. ஐயாயிரம் ரூபாய் போனது வலித்தது. அந்த ஆறு நாளும் அம்மா தேவையில்லாமல் இனிப்பு சாப்பிட்டது அதைவிட வலித்தது. இப்போதெல்லாம் சாயங்காலம் கிளம்புகிறேன், பெட்டியை ஈரத்துணி சுற்றிய சில்வர் டிபனில் வைத்துக் கொண்டுவருகிறேன். வீட்டில் பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள், ஐஸ் பெட்டியில் கூடாது. ஒட்டுவதற்கு அரை மணி நேரம் முன்னால் வெளியே எடுத்துவிடுங்கள். கையில் ஒட்டிய பிறகு 10 முதல் 45 டிகிரி வரை வேலை செய்யும் என்கிறார்கள். உலைக்கூடம், பாய்லர் பக்கம் நிற்கிறவர்கள் அந்த மேல் எல்லையை நினைவில் வைக்க வேண்டும்.

எண்ணெய். தேங்காய் எண்ணெய் தேய்த்த கையில் எந்த ஒட்டும் நிற்காது. ஒட்டு ஓரத்தில் தூக்கினால் உள்ளே இழையும் அசையும், எண்ணும் தாறுமாறாக வரும். ஒட்டும் நாளில் எண்ணெய்க் குளியல் வேண்டாம். சாதா சோப்பில் கழுவி, காய விட்டு, ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, மறுபடி காய விட்டுப் பிறகு ஒட்டுங்கள். தழும்பு, கட்டி, இன்சுலின் ஊசி போட்டுத் தடித்த இடம் எதுவும் கூடாது. ஊசி போடும் இடத்திலிருந்து இரண்டரை சென்டிமீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். குளிக்கலாம். 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம்தான் தாங்கும் என்பதால் கிணற்றில் குதித்து நீந்துவதை அந்தப் பதினான்கு நாள் விட்டுவிடுங்கள்.

மாத்திரை. சளி பிடித்தால் வைட்டமின் சி மாத்திரையை மிட்டாய் மாதிரி சப்பும் பழக்கம் கொரோனாவுக்குப் பிறகு எல்லா வீட்டிலும் வந்துவிட்டது. ஒரு நாளைக்கு 500 மில்லிகிராமைத் தாண்டினால் லிப்ரே சென்சார் இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டலாம். கடையில் கிடைக்கும் ஒரு மாத்திரையே பெரும்பாலும் 500 மில்லிகிராம். மெட்ரானிக் கார்டியன் போன்ற சில சென்சார்களில் காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமாலும் எண்ணை ஏற்றிக் காட்டும். நிஜமாக 65 இருக்கும்போது 110 என்று காட்டுவதுதான் இதில் பயம். உங்கள் பெட்டியில் உள்ள தாளில் எந்த மருந்து ஆகாது என்று இருக்கும், அந்த ஒரு பத்தியையாவது பிள்ளைகளிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

வயிற்றுப்போக்கு, வாந்தி, வெயிலில் வேலை செய்து உடம்பில் நீர் வற்றிய நேரங்களிலும் சென்சாரை நம்ப வேண்டாம். டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஒட்ட வேண்டாம். எம்.ஆர்.ஐ., சி.டி. ஸ்கேன் எடுக்கப் போனால் சென்சார் இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

படி 5: ஷிப்டுக்குப் போகிறவர்களுக்கு

ஓசூர்ப் பக்கத்துச் சில எலெக்ட்ரானிக்ஸ் ஆலைகளில் போனை உள்ளே விடமாட்டார்கள், லாக்கரில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். போனைத் தொட்டுப் பார்க்கும் லிப்ரே வகை கடைசி 8 மணி நேரத்து எண்ணைத்தான் நினைவில் வைத்திருக்கும். எட்டு மணி நேர ஷிப்ட், உள்ளே போக வர அரை மணி, கம்பெனி பஸ்ஸில் ஏறியதும் தூக்கம் என்றால் நடுவில் ஒரு துண்டு காணாமல் போய்விடும். அந்தத் துண்டில்தான் லோ ஆகியிருக்கும், மருத்துவர் பார்க்கும்போது வரைபடத்தில் வெற்றிடமாக இருக்கும். சென்சார் கெட்டுவிட்டது என்று பலர் நினைப்பது இதைத்தான். உள்ளே போகும் முன் ஒரு தடவை, சாப்பாட்டு இடைவேளையில் லாக்கருக்குப் போய் ஒரு தடவை, வெளியே வந்ததும் ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும். மேற்பார்வையாளரிடமும் ஆலை மருத்துவ அறையிலும் இன்சுலின் போடுவதைச் சொல்லி வையுங்கள். வேலை போய்விடும் என்று மறைக்கிறார்கள். மிஷின் முன்னால் லோ ஆகி விழுவதைவிடச் சொல்லிவிடுவது நல்லது. சட்டைப் பையில் நாலு குளுக்கோஸ் மாத்திரை, இல்லையென்றால் பொட்டலம் கட்டிய சர்க்கரை, எப்போதும் இருக்கட்டும்.

படி 6: எப்போது கழற்றுவது?

அம்பு படுக்கையாக இருக்கும் வேளையில், கழுவிய கையில், சில மணி நேர இடைவெளியில் மூன்று தடவை ஒப்பிடுங்கள். மூன்றும் 20 சதவீதத்தைத் தாண்டி ஒரே பக்கமாக விலகினால், அதுவும் முதல் நாள் கழிந்த பிறகு, அந்தச் சென்சாரை நம்பாதீர்கள். சில வகைகளில் விரல் எண்ணைக் கொடுத்துத் திருத்த முடியும். அதையும் சர்க்கரை ஒரே மட்டத்தில் நிற்கும்போதுதான் செய்ய வேண்டும். லிப்ரேவில் அந்த வசதி இல்லை. "தினமும் நாப்பது கம்மியாத்தான் காட்டும், நாங்க நாப்பது கூட்டிப்போம்" என்று மனக்கணக்குப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். இன்று நாற்பது குறைத்தது நாளை எழுபது குறைக்கும், மறுநாள் சரியாகக் காட்டும்.

கழற்றியதும் குப்பையில் போடாதீர்கள். பெட்டி, வரிசை எண், ஒட்டிய தேதி, மூன்று ஒப்பீட்டு எண்கள் ஆகியவற்றோடு நிறுவனத்தின் வாடிக்கையாளர் எண்ணைக் கூப்பிட்டால் மாற்றித் தரும்படி கேட்கலாம். பெட்டியை முதல் நாளே வீசிவிட்டால் கேட்பதற்கே வழியில்லை.

நிறுவனமே சொன்ன தவறு

பெரிய நிறுவனம், விலை அதிகம், எப்படித் தப்பாகும் என்று சிலர் கேட்கிறார்கள். 2025 நவம்பரில் அபாட் நிறுவனம் தன் லிப்ரே 3, லிப்ரே 3 பிளஸ் சென்சார்களில் சில, நீண்ட நேரம் தவறாகக் குறைந்த எண் காட்டக்கூடும் என்று அறிவித்தது. அமெரிக்காவில் மட்டும் சுமார் 30 லட்சம் சென்சார்கள் அந்தப் பட்டியலில் வந்தன. உலக அளவில் 736 கடுமையான பாதிப்புகளும் 7 மரணங்களும் இதோடு தொடர்புடையதாகப் பதிவாகியிருந்தன. குறைவாகக் காட்டினால் என்ன ஆகும் என்பதை யோசித்துப் பாருங்கள். சர்க்கரை குறைந்திருக்கிறது என்று நம்பி ஊசியைத் தவிர்ப்பார்கள், இனிப்பு சாப்பிடுவார்கள், நிஜச் சர்க்கரை ஏறிக்கொண்டே போகும். லோவைப் போலவே இதுவும் கொல்லும்.

இதைச் சொல்வதால் சென்சாரே வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு நாளைக்கு நாலு தடவை விரலில் குத்திப் பார்த்தாலும் தெரியாத ராத்திரிச் சரிவை அம்மாவுக்குச் சென்சார்தான் காட்டிக் கொடுத்தது. மருத்துவர் ராத்திரி ஊசியின் அளவைக் குறைத்தது அந்த வரைபடத்தைப் பார்த்துத்தான். பதினான்கு நாள் போக்கைச் சொல்வதில் அதற்கு ஈடு இல்லை. ஒரு நிமிடத்து ஒற்றை எண்ணை மட்டும், அதுவும் ஊசி போடும் முன், விரலைக் கேட்காமல் நம்ப வேண்டாம். விரலும் சென்சாரும் ஒத்துவரவில்லை, காரணமும் புரியவில்லை என்றால் கூடுதல் யூனிட் போடாதீர்கள். கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். வாந்தி, மூச்சுவாங்கல், தீராத தாகத்தோடு விரலில் 300-க்கு மேல் நின்றால் காத்திருக்காமல் ஊத்தங்கரை அரசு மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுங்கள்.

வீட்டில் யாராவது சென்சார் ஒட்டியிருந்தால் இன்று ராத்திரி படுக்கும் முன் ஸ்ட்ரிப் குப்பியை எடுத்துப் பாருங்கள். எத்தனை மிச்சம் இருக்கிறது, காலாவதித் தேதி என்ன என்று பாருங்கள். பத்துக்குக் குறைவாக இருந்தால் நாளைக் காலை முதல் வேலையாக வாங்கி வந்துவிடுங்கள்.